ஓர் ஆளுக்கு ஒரு மேசை

ஓர்தா, ஃபயால் தீவு
26 மே 1994

அன்புத் தங்கை தியோலிந்தாவுக்கு,

அண்ணன் உர்பானோ எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடாதே. நான் போனில் பேசினால் சொல்ல வந்தது பாதியிலேயே மறந்துபோகும் என்று உனக்குத் தெரியும். அதனால் கடிதம்.

விமானம் இறங்கும்போதே எதிர்த் தீவின் எரிமலை தெரிந்தது. இங்கே காப்பேலோவில் வெடித்த எரிமலையின் சாம்பலுக்குள் நம் வீடு போய், அம்மாவையும் அழைத்துக்கொண்டு நாம் அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று எப்படித் தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றதோ, அப்படியே நிற்கிறது. எனக்குத்தான் தலை நரைத்துவிட்டது.

துறைமுகத்துக்கு மேலே ஒரு கிழவர் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். கட்டில் நல்ல கட்டில், சன்னல் நல்ல சன்னல். அடுப்புதான் இல்லை. சாயப்பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்ற இவன், விடுமுறைக்கு வந்த இடத்திலும் புகை குடிக்க வேண்டாம் என்று கிழவர் நினைத்திருப்பார். ஆக, மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு.

முதல் நாள் துறைமுகத்துக் கடைக்குப் போனேன். பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள் கூடுகிற இடம். பரிமாறுகிறவர் என் அமெரிக்கச் சட்டையைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் எழுதிய உணவு அட்டையை நீட்டினார். நான் காப்பேலோக்காரன், இது எனக்கு வேண்டாம் என்று நம் பேச்சில் சொன்னேன்.

"காப்பேலோக்காரர்னா எந்த அட்டையுமே வேண்டாமே, ஐயா. இங்க என்ன கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும்," என்றார்.

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கிற லாப்பா சிப்பி கேட்டேன். பூண்டைக் கருக்கி, சிப்பியைச் செருப்புத் தோலாக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாள் வேறு கடை. அங்கே மீன் சூப்பில் மீனைத் தவிர எல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பரிசுத்த ஆவித் திருநாள். ஊருக்கே பொதுவில் சூப் ஊற்றினார்கள். ரொட்டியின் மேல் புதினாவைப் பரப்பி, இறைச்சியைக் குழையவிட்டு, கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. உப்பு குறைவு. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

ஜூலைக் கடைசியில் திரும்புகிறேன். கீழ்வீட்டு எர்மீனியாவை விசாரித்ததாகச் சொல்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
உர்பானோ


ஃபால் ரிவர்
10 ஜூன் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். முழங்கால் மழை நாளில் மட்டும் பேசுகிறது. நீ சேர்ந்த செய்தி கிடைக்கும்வரை மனசு ஒரு நிலையில் இல்லை. உன் கடிதத்தை எர்மீனியாவும் நானும் சேர்ந்து படித்தோம். தட்டோடு எழுந்து போனவரின் கதைக்கு அவள் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர்கள் தரையைத் தட்டினார்கள்.

ஒன்று கேட்கிறேன். உனக்கு இத்தனை நீள நாக்கு என்று எனக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் சமையலைத்தான் சாப்பிடுகிறாய். ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. அத்தனை நாளும் உப்பு சரியாகவா இருந்தது?

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. போன வாரம் எர்மீனியாவோடு ஆற்றோரம் நடந்துவிட்டு வந்தேன். வயதானவர்களுக்கென்று புதிதாகக் கட்டிய கட்டடத்தை உள்ளே விட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு வீடும் ஒரே ஓர் ஆளுக்குத்தான். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு கதவு. நாங்கள் பார்த்தது நாலாம் மாடியில். லிஃப்ட் இருக்கிறது. சன்னலைத் திறந்தால் ஆறும் பாலமும் தெரிகின்றன. மதியம் வரை வெயில் இருக்குமாம். சன்னலுக்குக் கீழே என் தையல் மெஷின் அளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. சுவருக்கு இளமஞ்சள் அடித்திருக்கிறார்கள். எர்மீனியாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் கை தானாக அடுப்புப் பக்கம் போகிறது. பிறகுதான் நீ இல்லை என்று ஞாபகம் வருகிறது. நேற்று ரொட்டியும் சீஸும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

வயிற்றைப் பார்த்துக்கொள். கடல் காற்றில் தலையை மூடிக்கொள்.

உன் தங்கை
தியோலிந்தா


ஓர்தா
27 ஜூன் 1994

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் எர்மீனியாவும் நலமாக இருக்க வேண்டும். ரொட்டியும் சீஸும் ஒரு சாப்பாடா? ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடு.

உன் கேள்விக்கு என்ன சொல்வது? வீட்டுச் சாப்பாடும் கடைச் சாப்பாடும் ஒன்றா? அதை விடு.

கஸ்தேலோ பிராங்கோ சாலையில் ஒரு கடை கண்டுபிடித்தேன். அவித்த சேப்பங்கிழங்கும் சாசேஜும் தந்தார்கள். கிழங்கு வாயில் கரைந்தது. ஆனால் கடைக்காரர் டி.வி.யில் கால்பந்தைப் போட்டுவிட்டு, அமெரிக்காவில் நடக்கிற போட்டியை விட்டுவிட்டு நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று என்னைக் குற்றவாளி மாதிரி விசாரித்தார். மறுபடி போகவில்லை.

சனிக்கிழமை பஸ் பிடித்து வரதோரோ போனேன். பாறைக் குளங்களில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பசி எடுத்தது. ஒரு கருங்கல் வீட்டின் முன்னறையில் நாலு மேசை போட்டிருந்தது. போர்டு இல்லை, அட்டையும் இல்லை. இருப்பதுதான் சாப்பாடு. அன்றைக்கு ஒயினில் வேகவைத்த பேய்க்கணவாய். சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே பெண்பிள்ளை. பெயர் சுல்மிரா. உன் வயது இருக்கும். புருஷன் போய்ப் பல வருஷமாகிறதாம்.

சாப்பிட்டேன். வெந்த பதம் சரி, உப்புதான் கொஞ்சம் குறைவு என்றேன்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை."

அவள் என் தட்டை இழுத்து, என் முள்கரண்டியாலேயே ஒரு துண்டைக் குத்தி, நின்றபடியே மென்று பார்த்தாள். மற்ற மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"உப்பு சரியாத்தான் இருக்கு. உங்க நாக்குதான் அமெரிக்காவுல மரத்துப்போச்சு. சாப்பிட வந்தீங்களா, குறை சொல்ல வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்," என்றேன்.

"அப்போ ரெண்டு தட்டா வாங்குங்க. ஒண்ணைத் தின்னுங்க, ஒண்ணைக் குறை சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிஜமாகவே இரண்டாவது தட்டு வாங்கினேன். அதில் உப்பு சரியாக இருந்தது. அவள் போட்டாளா, எனக்குப் பழகிவிட்டதா, தெரியவில்லை.

உன் அண்ணன்
உர்பானோ


ஃபால் ரிவர்
12 ஜூலை 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். நீ அங்கே நலமாக இருப்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

அந்தப் பேய்க்கணவாய்க்காரி சொன்னதுதான் சரி என்று எர்மீனியா சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் கொளுத்துகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆற்றோரம் மட்டும் கொஞ்சம் காற்று வருகிறது. சாயங்காலங்களில் அங்கே போய் உட்காருகிறேன். அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடிச் சன்னல் ஒன்று இன்னும் திரை மாட்டாமலே இருக்கிறது.

ஜூலைக் கடைசியில் வருகிறாய் அல்லவா? வந்ததும் உன்னிடம் ஒரு விஷயம் நிதானமாகப் பேச வேண்டும். அவசரமில்லை. ஆனாலும் தேதியை எழுது.

அன்புடன்
தியோலிந்தா


ஓர்தா
22 ஜூலை 1994

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. இந்த வெயிலில் அதிகம் அலையாதே.

டிக்கெட்டைச் செப்டம்பர் கடைசிக்கு மாற்றிவிட்டேன். ஆகஸ்டில் இங்கே கடல் வாரத் திருவிழா. திமிங்கல வேட்டைப் படகுகளைப் பாய் கட்டி ஓடவிடுவார்கள். அதைப் பார்க்காமல் வந்தால் எல்லோரும் கேட்பார்கள். உப்புத் தண்ணீரில் குளித்ததில் தோள்பட்டை வலியும் பாதி போய்விட்டது. வேலியோரம் எல்லாம் நீலப்பூ பூத்துக் கிடக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

வரதோரோவில் ஒரு வீட்டில் ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். சும்மா இருக்கிறவன்தானே என்று கொஞ்சம் கை கொடுத்தேன். பஸ் நேரம் ஒத்துவராததால் அறையையும் அந்தப் பக்கமாகப் பார்க்கலாமா என்று இருக்கிறேன்.

சாப்பாடு நன்றாகவே கிடைக்கிறது.

நீ பேச வேண்டியது வீட்டுக்காரர் விஷயம் என்றால் நான் வரும்வரை அவருக்குப் பிடி கொடுக்காதே.

உன் அண்ணன்
உர்பானோ


ஃபால் ரிவர்
8 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தோள்பட்டை தேறியதில் சந்தோஷம். என் முழங்காலும் மோசமில்லை.

முதல் கடிதத்தில் சூப்பில் மிதந்த புதினாவைக்கூட விடாமல் எழுதினாய். இப்போது 'சாப்பாடு நன்றாகவே கிடைக்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். யார் சமைக்கிறார்கள்?

இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதே. நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் நான் ஓரிடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நீ செப்டம்பரில் நிச்சயம் வருகிறாய் என்றால் ஒரு பதில். இல்லையென்றால் வேறு பதில். எதுவானாலும் எனக்குச் சம்மதம். மனசில் இருப்பதை உள்ளபடி எழுது.

எர்மீனியாவும் நானும் இப்போது வெள்ளிக்கிழமைகளில் வெளியே போய்ச் சாப்பிடுகிறோம். அவளுக்குத் துணை வேண்டுமாம்.

அன்புடன்
தியோலிந்தா


வரதோரோ
18 ஆகஸ்ட் 1994

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் ஓர்தா போய்ச் சுற்றிக்கொண்டு நேற்றுதான் கையில் கிடைத்தது. அறையை மாற்றிவிட்டேன். மேலே உள்ளதுதான் புது விலாசம்.

செப்டம்பர் கடைசியில் நிச்சயம் வருகிறேன். உன்னைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இந்த வயதில் உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? அதைப் பற்றிக் கவலைப்படாதே.

பதில் என்று நீ எழுதியது ஹீட்டர் விஷயமாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் பழையதைச் சரிசெய்து தருகிறேன் என்பார். ஒத்துக்கொள்ளாதே. புதிதாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்.

உன் அண்ணன்
உர்பானோ


வரதோரோ
14 செப்டம்பர் 1994

அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் உடம்பால் நலம். போன கடிதத்தில் நிச்சயம் வருகிறேன் என்று எழுதினேன். அப்படி எழுதும்போதே எனக்கு வர மனசில்லை. அதைத்தான் நீ கேட்டாய், அதைத்தான் நான் எழுதவில்லை.

யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாய். சுல்மிராதான். ஓடு மாற்றியதும் அவள் வீட்டில்தான். முதலில் வாரம் ஒருநாள் அவள் கடையில் சாப்பிட்டேன். பிறகு தினமும். பிறகு, ஆகஸ்டில் விடுமுறைக் கூட்டம் நெருக்கியபோது என் மேசையையே யாருக்கோ கொடுத்துவிட்டு, என்னைச் சமையலறைக்குள் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். சிப்பி கேட்ட ஜெர்மன்காரர்களுக்கு இறைச்சியும், இறைச்சி கேட்ட குருவானவருக்குச் சிப்பியும் வைத்துவிட்டேன். குருவானவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டார். சுல்மிராதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சண்டை போடுகிறோம். பூண்டு கருகியது என்று நான், கண் தெரியாதவன் என்று அவள். தியோலிந்தா, எனக்கு அறுபத்தேழு வயது. வாய்விட்டுச் சண்டை போடுவது இவ்வளவு நிம்மதியான காரியம் என்று இதுவரை தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமையோடு கூட்டம் ஓய்ந்தது. மதியத்துக்கு மேல் அவள் முன்னறையில் இரண்டு தட்டு வைத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உர்பானோ, லீவுக்கு வந்தவங்க எல்லாம் போயாச்சு. நீ இன்னும் உட்கார்ந்திருக்கே."

"போகச் சொல்றியா?"

"போறதா இருந்தா இப்பவே போ. குளிர்காலம் முழுக்க இருந்து, எனக்குப் பழகினப்புறம் போகாதே. அதை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

உன்னைப் பற்றிச் சொன்னேன். என்னை நம்பி ஒருத்தி இருக்கிறாள் என்றேன்.

"தங்கச்சிகிட்ட கேட்டியா?"

"எப்படிக் கேட்கிறது?"

"உப்பு பத்தலைன்னு முன்பின் தெரியாத என்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. கூடப் பிறந்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்க வாய் வரலையா?"

அதனால் கேட்கிறேன். நான் இங்கேயே இருந்துவிடவா? வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் அடுத்த விமானத்தில் வந்துவிடுகிறேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் அண்ணன்
உர்பானோ


வரதோரோ
20 அக்டோபர் 1994

அன்புத் தங்கைக்கு,

என் கடிதம் கிடைத்ததா? தினமும் தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்கிறேன். இப்போதெல்லாம் அவர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். நலம் என்றாய். எழுதுகிறேன் என்றாய். வைத்துவிட்டாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். வங்கிக்காரர்களோடு பேசுகிற குரலில் பேசினாய்.

செப்டம்பர் டிக்கெட்டைப் பயன்படுத்தவில்லை. உன் பதில் வரும்வரை எதையும் முடிவு செய்யவில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

உர்பானோ


ஃபால் ரிவர்
1 நவம்பர் 1994

மதிப்புக்குரிய உர்பானோ அண்ணனுக்கு,

கீழ்வீட்டு எர்மீனியா எழுதுகிறேன். நான் நலம். உங்கள் தங்கையும் உடம்புக்கு நலம்தான், பயப்பட வேண்டாம். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் என்னோடு ஒரு வாரம் பேச மாட்டாள்.

ஆற்றோரக் கட்டடத்தைப் பற்றி உங்களுக்கு எழுதினாளே, அதைப் பார்க்கப் போனது எனக்காக அல்ல. அவளுக்காக. முதியோர் வீடு கேட்டவர்களின் வரிசையில் அவள் பெயர் பல வருஷமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். எப்படியும் கிடைக்காது, சொல்லி எதற்கு என்றாள். ஜூனில் அவள் முறை வந்துவிட்டது. நாலாம் மாடி, ஆற்றுப் பக்கம். ஆகஸ்ட் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்தக் கோடை முழுக்க அவள் வேறு பேச்சுப் பேசவில்லை. சன்னலுக்குத் திரை கூடத் தைத்து வைத்திருந்தாள்.

நிச்சயம் வருகிறேன், உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்கள் கடிதம் வந்தது. படித்தாள். மடித்தாள். மறுநாள் போய், எனக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அண்ணன் வந்து காலி வீட்டில் உட்கார முடியுமா என்று என்னிடம் கேட்டாள். செப்டம்பரில் உங்கள் அடுத்த கடிதம் வந்தபோது அந்தச் சன்னலில் வேறு யாரோ திரை மாட்டிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. "சொல்லியிருக்கலாமே," என்று மட்டும் சொன்னாள்.

நான் உங்கள்மேல் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அவளும்தான் சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. ஆனால் உங்களுக்காக அவள் ஒன்றை விட்டுக்கொடுத்தது இது முதல் தடவை அல்ல. மற்றதை நான் எழுதுவது முறையில்லை. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எர்மீனியா


வரதோரோ
12 நவம்பர் 1994

அன்புத் தங்கைக்கு,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எர்மீனியா எழுதிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கடிதத்தை நான் படித்து முடித்ததும் சுல்மிரா கேட்டாள். சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "போயிட்டு வா. அவ முகத்தைப் பார்த்துப் பேசு. திரும்பி வர முடியலைன்னா அதையும் எனக்குச் சொல்லிடு, நான் வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்," என்றாள். சொல்லிவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது.

டிசம்பர் பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். நான் வந்து அந்த அலுவலகத்தில் பேசிப் பார்க்கிறேன். அது நடக்கவில்லை என்றால் முன்போலவே இருந்துவிடுவோம்.

ஜூனில் நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இல்லை, எல்லா நாளும் சரியாக இல்லை. வியாழக்கிழமை மீன் சூப்பில் உப்பு எப்போதும் குறைவு. நீ ஆலையில் நாள் முழுதும் நின்று திரை தைத்துவிட்டு வந்து சமைக்கிறாய், அதில் நான் என்ன குறை சொல்வது என்று இருந்துவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அப்படியே எதையும் சொல்லாமல் பழகிவிட்டது.

எர்மீனியா எழுதாமல் விட்ட அந்த 'மற்றது' என்ன? நான் வரும்போது சொல்வாயா?

உன் அண்ணன்
உர்பானோ


ஃபால் ரிவர்
30 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் சுல்மிராவும் நலமாக இருக்க வேண்டும். இது உபசாரத்துக்கு எழுதியதல்ல.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

எனக்குக் கோபம் இருந்தது. நீ அங்கே தங்குவதில் அல்ல. எதுவானாலும் சம்மதம் என்று எழுதினேன், நீ அதை நம்பவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டாய். அண்ணா, நம் வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள்? இதை எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. எழுதிவிட்டேன், இனி இல்லை. ஆற்றோர வீட்டுக்கு எழுதிக் கொடுத்ததை உன்னிடம் மறைத்தது என் தவறு. மறைத்தால் உனக்கு வலிக்காது என்று நினைத்தேன். எர்மீனியா சொன்ன மற்றது பழைய கதை. அதற்கு இப்போது ஒருவரும் பொறுப்பில்லை.

அந்த நாலாம் மாடி போனது போனதுதான். கொஞ்ச நாள் அந்தப் பக்கம் நடக்கவே இல்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன், அங்கே எனக்கு என்ன அவ்வளவு பிடித்தது என்று. ஆறா, இளமஞ்சள் சுவரா? இந்த வீட்டிலும் சன்னல்கள் இருக்கின்றன. நான் ஒருநாளும் அவற்றருகே உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். போன வாரம் உன் அறையைக் காலி செய்து தையல் மெஷினை அங்கே போட்டேன். உன் சாமான்களைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். நாற்காலியை மேல்மாடிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்தேன்.

நேற்று எர்மீனியாவுக்குச் சளி. வெள்ளிக்கிழமைதான் வெளியே சாப்பிடுகிற வழக்கம். நேற்று செவ்வாய். இருந்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். இந்த வயதுவரை ஒரு கடையில் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. நம்மவர்கள் நடத்துகிற கடைதான். பரிமாறுகிறவர் என் பின்னால் கதவைப் பார்த்தார்.

"இன்னும் யாராவது வரணுமாம்மா?"

"யாரும் வர வேண்டியதில்ல. நான்தான்."

சமையலறைக் கதவை ஒட்டி ஒரு சின்ன மேசையைக் காட்டினார். அது வேண்டாம், சன்னலோரம் வேண்டும் என்றேன். அது நாலு பேர் மேசை என்றார். சன்னலோரம்தான் வேண்டும் என்றேன். என் குரலை நானே அப்போதுதான் கேட்டேன். அவர் மூன்று நாற்காலியை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டார்.

மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்கள். முகத்தைச் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வைத்துக்கொண்டு, உர்பானோ எங்கே, ஏன் இப்படித் தனியாக என்று விசாரித்தார்கள்.

"அண்ணன் லீவுக்குப் போனான், அங்கேயே பிடிச்சுப்போச்சு," என்றேன். "நானும் லீவுலதான் இருக்கேன்."

ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமே என்றுதான் சொன்னேன். அவர்கள் போன பிறகு அது உண்மைதான் என்று பட்டது. வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. மெதுவாகச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். கடையைச் சாத்தப் போகிறோம் என்று அவர்கள் நாசூக்காக விளக்கை ஒவ்வொன்றாக அணைக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கோடையில் வருகிறேன். உங்கள் வீட்டில் தங்க மாட்டேன், அறை எடுத்துக்கொள்வேன். சுல்மிராவோடு எனக்கு நிறையப் பேச இருக்கிறது, உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச முடியாது. மழையில் ஓட்டின்மேல் ஏறாதே.

நேற்று என்ன சாப்பிட்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன்.

உன் தங்கை
தியோலிந்தா